புது வீட்டில் ஒரு கறை

படம் தொடங்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அதற்குள், இந்தப் படத்துக்குச் சாமான்களைப் பழசாக்கிக் கொடுத்த கறைக்காரர் மூன்று தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்துவிட்டார். மூன்று தடவையும் ஓரத்து இருக்கையில் இருந்த மனைவி முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். நான்காவது தடவை எழுந்தபோது சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீங்கதான் ஹீரோன்னு யாராவது நினைச்சுக்கப் போறாங்க. சும்மா உக்காருங்க."

அவருக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மனைவியின் அண்ணன். மச்சான் மடியில் ஒரு பெரிய பொட்டலம் சோளப்பொரியை வைத்துக்கொண்டு, விளம்பரம் ஓடும்போதே பாதியைக் காலி செய்திருந்தார். தான் பூசிய சுவரைப் பார்க்கத்தான் வந்திருப்பதாக, முன்வரிசையில் யாரோ கேட்டதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரு தடவை முகத்தைக் காட்டவேண்டும் இல்லையா, அதுபோல அந்தச் சுவரும் தன் முகத்தைக் காட்டட்டும் என்றார். கேட்டவர் சிரித்தார். கறைக்காரர் திரையில் ஓடிய விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டார்.

நான்கு வரிசை முன்னால், நடைபாதையை ஒட்டி, கலை இயக்குநர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நரைத்த குட்டை முடி. பென்சில் ஒன்று எப்போதும் காதில். படத்தில் வேலை செய்தவர்களுக்காக வைத்த காட்சி இது. தச்சர், சாயம் போட்டவர், தையல்காரர் என்று குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கலை இயக்குநர் கறைக்காரருக்குத் தன் கையாலேயே மூன்று சீட்டு கொடுத்து, படம் முடிந்ததும் அடுத்த படத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருந்தார். அடுத்த படத்தில் பழசாக்கும் பிரிவு முழுவதற்கும் இவரே தலைமை என்பது ஏறக்குறைய முடிவான பேச்சு. பதினாறு வருட உழைப்புக்கு வந்த அழைப்பு. அது கைக்கு வரவேண்டுமானால் இன்று அவர் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்காவிட்டால் பக்கத்தில் சோளப்பொரி தின்றுகொண்டிருக்கும் மனிதருக்குப் பிழைப்பு இல்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு மடியில் இருந்தது ஒரு கறை.

அவருடைய வேலையே அதுதான். படப்பிடிப்புக்கு வரும் புதுச் சட்டையைப் பத்து வருடம் உடுத்திய சட்டையாக்குவார். கடையில் வாங்கின பூட்டை மூன்று தலைமுறை பார்த்த பூட்டாக்குவார். தேயிலைத் தண்ணீர், இரும்புத்தூள் ஊறிய வினிகர், உப்பு, அடுப்புக்கரி, பழைய பல்துலக்கி. இவ்வளவுதான் சாமான். எந்த உலோகம் எதைத் தொட்டால் என்ன நிறத்துக்குப் போகும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர். அவர்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர். வேதியியல் பட்டம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அவருடைய அப்பா முதல் தடவை வேலையைப் பார்க்க வந்துவிட்டு, "இவ்வளவு படிச்சது துணியை அழுக்காக்கவாடா?" என்று கேட்டாராம். அழுக்குக்கும் படிப்பு வேண்டும் என்று பதில் சொன்னாராம் மகன். அதில் அவருக்கு எள்ளளவும் வெட்கம் இல்லை. படிக்காதவன் துருவைப் பூசுவான், படித்தவன் துருவை வளர்ப்பான் என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். ஒரே வீட்டில் ஒருத்தி பகலெல்லாம் சட்டையைப் புதுசாக்குகிறாள், ஒருவர் பகலெல்லாம் பழசாக்குகிறார். அதனால்தான் வீட்டில் துணியும் மிஞ்சவில்லை, காசும் மிஞ்சவில்லை என்பது மச்சானின் நிரந்தர நகைச்சுவை. மச்சான் பூச்சுக்காரர். செட்டுக்குச் சுவர் எழுப்பினால் அதில் கண்ணாடிபோலப் பூச்சு இழுப்பார். தங்கையின் புருஷனை இந்தத் தொழிலுக்குக் கைப்பிடித்துக் கூட்டி வந்ததும் அவர்தான்.

இந்தப் படம் எழுபது வருடத்துக்கு முந்திய ஒரு காதல் கதை. லேசான, சிரிக்கவைக்கும் கதை. மின்சாரம் அப்போதுதான் ஊருக்குள் வருகிறது. ஒரு கடிகாரக் கடைக்காரர் மகளுக்காகப் புது வீடு கட்டி, அதற்கு ஒயர் இழுக்க ஓர் இளைஞனைக் கூப்பிடுகிறார். அவனுக்கும் மகளுக்கும் கண் பேசிவிடுகிறது. வேலை முடிந்தால் அந்த வீட்டுக்குள் வர முடியாது என்பதால் அவன் தினமும் ஏதாவது ஒரு சுவிட்சை மாற்றி மாட்டிவிட்டுப் போகிறான். மறுநாள் பழுது பார்க்க அவனையே கூப்பிடுகிறார்கள்.

இந்தக் கதை கறைக்காரருக்கு அப்போது தெரியாது. அவர் கதை கேட்பதும் கிடையாது. அவர் கைக்கு வந்தது ஒரு பட்டியல்: மாடி வீடு, எழுபது வருடத்துக்கு முன், இத்தனை அறை. எழுபது வருடத்துக்கு முன் என்றால் எழுபது வருடப் பழசு என்று அவர் கை தானாகவே கணக்குப் போட்டது. திறந்த வெளியில் எழும்பியிருந்த அந்த வீட்டை ஒன்பது நாளில் கிழடு ஆக்கினார். மூலைக்கு மூலை நூலாம்படை, கதவிடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு, படிக்கட்டுக் கைப்பிடியில் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த வழவழப்பு.

பத்தாம் நாள் கலை இயக்குநர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். திட்டவில்லை, சிரித்தார், அதுதான் அவமானம். "நமக்குத்தாங்க அது பழைய காலம். அவங்களுக்கு அது இன்னைக்கு. அந்தப் பொண்ணு இந்த வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாசம்தான் ஆகுது," என்றார். இரண்டு நாளில் எல்லாவற்றையும் அழித்து வெளிர்நீலமும் வெள்ளையும் அடிக்கச் சொன்னார்.

அழித்தார். ஒன்றைத் தவிர. படிக்கட்டு திரும்பும் இடத்தில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு நீர்க்கசிவுக் கறை. மூன்று நாள் உட்கார்ந்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினோரு முறை ஊறவைத்து எடுத்தது. நடுவில் தேன் நிறம், ஓரத்தில் காய்ந்த இலையின் நிறம், விளிம்பில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு. தொட்டால் ஈரம் கையில் ஒட்டும் என்று தோன்றும். அவர் வாழ்நாளில் செய்த கறைகளிலேயே அதுதான் கறை. நீலம் அடிக்கத் தூரிகையை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போனார், இரண்டு தடவையும் திரும்பி வந்தார். அந்த இடத்தை மறைத்து ஓர் அலமாரி வரப்போகிறது என்று தச்சர் சொன்னது வசதியாகப் போயிற்று. எல்லாம் அழித்தாயிற்று என்று சொல்லிவிட்டு வேறொரு படத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

படப்பிடிப்புக்கு முந்திய வாரம் முழுக்க மழை. படப்பிடிப்பு அன்று காமிரா நகர இடம் போதாமல் அலமாரியைத் தூக்கினார்கள். சுவரில் கசிவு. அழிக்க நேரமில்லை, அப்படியே எடுத்தார்கள். எல்லாக் கறையும் அழித்தாயிற்று என்று பட்டதாரிக் கறைக்காரர் சொல்லிவிட்டாரே, பிறகு இது மழைத் தண்ணீர்தான், பூச்சு சரியில்லை என்று கலை இயக்குநர் முடிவு கட்டினார். அதற்குப் பிறகு மச்சானை யாரும் கூப்பிடவில்லை. ஓர் இடத்தில் கூப்பிடாவிட்டால் அந்தத் தொழிலில் ஒன்பது இடத்தில் காரணம் கேட்பார்கள். எட்டு மாதமாக மச்சான் மதில்சுவருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் பூசிக்கொண்டிருக்கிறார்.

இது கறைக்காரரின் காதுக்கு வந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. எந்தச் சுவர் என்று மனைவியிடம் கேட்டார். படிக்கட்டுத் திருப்பத்துச் சுவராம் என்றாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதே வாரம்தான் தலைமைப் பேச்சு வந்தது. இது முடியட்டும், தலைமைக்கு வந்ததும் முதல் வேலையாக மச்சானைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மனத்துக்கு ஒரு சமாதானம் சொன்னார். மனம் கேட்டுக்கொண்டது. உடம்புதான் கேட்கவில்லை. முன்னோட்டத்தில் அரை நொடி அந்தச் சுவர் வந்துபோனதை ஃபோனில் நாற்பது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பார்.

விளக்கு அணைந்தது.

முதல் காட்சியிலேயே அவருக்கு முதுகு நிமிர்ந்தது. வீட்டில் இன்னும் மின்சாரம் இல்லை. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எல்லோர் முகமும் பழுத்த மாம்பழ நிறத்தில் இருந்தது. அந்த இளைஞன் தோளில் சிவப்பு நூல் சுற்றிய ஒயர்க் கட்டோடு படியேறி வருகிறான். முழு வீடும் வெளிர்நீலம், வெள்ளை. அந்த ஒயர் மட்டும் சிவப்பு. அவன் எந்த அறைக்குப் போனாலும் அந்தச் சிவப்புக் கோடு சுவரோடு சுவராகக் கூடவே போகிறது. முதலில் கூடத்தில், அப்புறம் படிக்கட்டில், அப்புறம் அவள் அறை வாசல்வரை. ஒரு வசனம் இல்லை. காதல் எந்த அறைவரைக்கும் வந்திருக்கிறது என்பதை ஒயரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு அறையாக மின்விளக்கு எரிய எரிய வெளிச்சத்தின் நிறம் மாறியது. அப்பாவின் அறை வெள்ளையாகிவிட்டது. அவள் அறை மட்டும் இன்னும் மஞ்சள், ஏனென்றால் அந்தச் சுவிட்சைத்தான் அவன் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறான். இரண்டு அறைக்கும் நடுவே கதவு திறந்து மூடும்போதெல்லாம் வெள்ளையும் மஞ்சளும் தரையில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன. காமிரா நின்ற இடத்திலேயே நின்றது. கதவுகள்தான் ஓடின. அப்பா ஒரு கதவால் போக, அவன் மறு கதவால் வர, அரங்கமே குலுங்கியது.

கறைக்காரர் சிரிக்கவில்லை. அவர் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குமிழ் பளபளத்தது. கைப்பிடியில் வார்னிஷ் மினுங்கியது. அவள் எழுதும் தாள் சலவைத் துணிபோல வெளுத்திருந்தது. பழைய காலம் என்றால் மங்கல், தூசு, பழுப்பு என்று பதினாறு வருடமாக அவர் கை நினைத்து வந்திருக்கிறது. இங்கே ஒரு காலமே கடையிலிருந்து அப்போதுதான் பிரித்தெடுத்ததுபோல இருந்தது. அதனால்தான் அந்தப் பெண் ஒரு சுவிட்சைத் தொட்டுவிட்டுக் கையை உதறும்போது அது வேடிக்கையாக இருக்கிறது. அவளுக்கு எல்லாம் புதுசு, அவனும் புதுசு. கலை இயக்குநர் அன்று வாசலில் சொன்னது இப்போதுதான் அவருக்குக் கண்ணால் புரிந்தது. புரிந்ததும் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார், ஏனென்றால் இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்தக் கறை வரப்போகிறது.

காலை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றினார். மச்சான் முழங்கையால் இடித்தார்.

"என்ன மாப்ள, எறும்பு கடிக்குதா? என் சுவர் எப்ப வரும்?"

"வரும்," என்றார்.

வந்தது. அவன் படிக்கட்டில் கீழே ஓடுகிறான், அவள் மேலே ஏறுகிறாள், திருப்பத்தில் இருவரும் மோதிக்கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். காமிரா மெல்லப் பின்னுக்குப் போகிறது. நீலச் சுவர், அவள் பச்சை உடை, அவன் தோளில் சிவப்பு ஒயர், ஜன்னல் கம்பிகளின் நிழல் இருவர்மேலும் கோடு கோடாக. அவர்களுக்கு நடுவே, சரியாக நடுவே, இரண்டு பேரையும்விட அழகாக அந்தக் கறை. நான்கு நொடி. அரங்கம் காதலர்களைப் பார்த்து உச்சுக்கொட்டியது. முன்னால் கலை இயக்குநரின் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

மச்சானின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

கண்டுபிடித்துவிட்டார் என்று கறைக்காரர் நினைத்தார். முப்பது வருடமாகச் சுவரைத் தடவித் தடவிக் கண் பழகிய மனிதர். பூசிய கறைக்கும் பூத்த கறைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? தெரிந்துவிட்டால்கூட நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. தானாகச் சொல்லும் பாடு மிச்சம்.

மச்சான் அவர் காதோரம் குனிந்தார்.

"கசிஞ்சுதான் இருக்கு மாப்ள. உப்பு பூத்திருக்கு பாத்தீங்களா. என் பூச்சுதான். நான் இத்தனை நாள் அவங்க பொய் சொல்றாங்கன்னு திட்டிக்கிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு மச்சான் சோளப்பொரியைத் தொடவில்லை. பொட்டலத்தைச் சுருட்டிக் காலடியில் வைத்துவிட்டு, கையைத் தொடைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பொருளை அவரிடம் கொடுத்துவிட்டு, அது பழுதான பொருள் என்று இப்போதுதான் சொன்னதுபோல.

கறைக்காரருக்கு அந்த இருட்டில் உட்கார முடியவில்லை. தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு இனி யாரும் தரப்போவதில்லை. அந்தப் பாராட்டைக் கொடுத்தவர் அதனாலேயே தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். இடைவேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று மனைவியிடம் மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

விளக்கு வந்ததும் முதல் ஆளாக எழுந்தார். இந்தத் தடவை அவள் வழியை மறிக்கவில்லை.

கலை இயக்குநர் வெளி வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பேர் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். கறைக்காரர் தள்ளி நின்றார், கிட்டே போனார், மறுபடி தள்ளி நின்றார். கலை இயக்குநரே இவரைப் பார்த்துவிட்டு, என்ன, ஒயர்ச் சிவப்பு எப்படி வந்திருக்கிறது பார்த்தீர்களா என்று உற்சாகமாகக் கேட்டார். நீங்கள் சொன்ன புதுசு என்பது இன்றுதான் எனக்குப் புரிந்தது என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு மற்றதையும் சொன்னார். படிக்கட்டுத் திருப்பம், அலமாரி, எல்லாம் அழித்தேன் என்ற பொய். மழை இல்லை, பூச்சு இல்லை.

கலை இயக்குநர் குவளையைக் கீழே வைத்தார்.

"ஏன் அழிக்கல?"

"மனசு வரல மேடம். அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு."

"நல்லாத்தான் வந்திருந்துச்சு. எடிட்டிங்ல அந்த இடம் வரப்பல்லாம் என் கண்ணு அந்தப் பசங்கள விட்டுட்டு அங்கதான் போகும். அதுதாங்க தப்பு." காதிலிருந்த பென்சிலைச் சரிசெய்தார். "ஒரு கறை மேல ஆசைப்பட்டு ஒரு மனுஷன் பொழப்புல பூசிட்டீங்களே. எனக்கும் ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல பாருங்க."

தலைமையைப் பற்றிக் கறைக்காரர் கேட்கவில்லை. கலை இயக்குநரே சொன்னார். அடுத்த படத்துக்குக் கைவேலைக்கு நீங்கள் வரலாம், தலைமைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அளவெடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, பூச்சுக்காரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். வந்திருக்கிறார், என் மச்சான்தான், ஆனால் முதலில் நான் சொல்லிவிடுகிறேன் என்றார் இவர். கலை இயக்குநர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மச்சானா," என்று மட்டும் சொன்னார்.

மச்சான் கைகழுவும் இடத்தில் இருந்தார். குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றுகொண்டிருந்தார். மனைவியும் பக்கத்தில் வந்து நின்றதால் கறைக்காரர் இருவருக்கும் சேர்த்தே சொல்லவேண்டியதாயிற்று. நீட்டி முழக்காமல் சொன்னார். அது கசிவு இல்லை, நான் செய்தது. ஆறு மாதமாகத் தெரியும். தலைமை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மச்சான் குழாயை மூடினார்.

"எதுல பண்ண?"

"டீத்தண்ணி. இரும்புத்தூள் ஊறின வினிகர். மேல உப்பு."

"எத்தனை கை?"

"பதினொண்ணு."

மச்சான் அந்த எண்ணை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார் போலிருந்தது. கையை ஓங்குவார் என்று மனைவி நடுவில் வந்தாள். அவர் ஓங்கவில்லை. ஈரமே இல்லாத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எட்டு மாசம் மாட்டுக்கொட்டகைக்குப் பூசுனேன். நீ வீட்டுக்கு வர்றப்பல்லாம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட."

கலை இயக்குநர் வந்து மச்சானைத் தனியே கூப்பிட்டார். இருவரும் தூண் ஓரம் நின்று பேசியது இவர்களுக்குக் கேட்கவில்லை. கலை இயக்குநர் காதிலிருந்த பென்சிலை எடுத்து எண் எழுதிக்கொள்வதும், மச்சான் தலையை ஆட்டாமல் கேட்டுக்கொள்வதும் மட்டும் தெரிந்தது. மணி அடித்தது.

இடைவேளைக்குப் பிறகு மனைவி நடுவில் உட்கார்ந்தாள். சண்டை போடுவதானால் என்னைத் தாண்டிப் போடுங்கள் என்றாள். யாரும் போடவில்லை. இருட்டில் மூன்று பேரும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க, சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கறைக்காரரின் கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. சொல்லிவிட்டால் அடங்கும் என்று நினைத்திருந்தார். அடங்கவில்லை, பயம் போய், அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. திரையில் நிறங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவள் அறையிலும் ஒருவழியாக வெள்ளை வெளிச்சம் வந்துவிட்டது, அவள் அதைப் பார்த்து அழுதாள், ஏனென்றால் இனி அவன் வரக் காரணம் இல்லை. அழும்போது சுவரில் அவள் நிழல் புது விளக்கில் கத்தரித்து எடுத்ததுபோலக் கூர்மையாக விழுந்தது. எண்ணெய் விளக்கில் நிழலுக்கு ஓரமே இருந்ததில்லை.

பிறகு அந்தக் காட்சி. விருந்தாளிகளைக் கூட்டிவைத்துக்கொண்டு, கடிகாரக் கடைக்காரர் பெருமையாகக் கூடத்துச் சுவிட்சைத் தட்டுகிறார். கூடம் இருட்டாகவே இருக்கிறது. அதற்குப் பதிலாக மேலே, பரணில், பளிச்சென்று விளக்கு எரிகிறது. அங்கே அந்த இளைஞன் சிவப்பு ஒயரால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, நூலுருண்டை போலக் குந்தியிருக்கிறான். கடைக்காரர் அணைக்கிறார். மறுபடி போடுகிறார். இன்னும் அங்கேதான் இருக்கிறான். அணைத்துவிட்டு, விருந்தாளிகளிடம் திரும்பி, இது எங்கள் வீட்டுச் சிலை என்கிறார்.

மனைவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மச்சான்தான். வாயை இறுக மூடிக்கொண்டு பார்த்தார், முடியவில்லை, மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது. தோள் குலுங்கியது. மனைவியும் தாங்காமல் சேர்ந்து சிரித்தாள். கறைக்காரர் தன்னையறியாமல் அவர் பக்கம் திரும்பினார்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, திரையைவிட்டு முகத்தைத் திருப்பாமல் சொன்னார்:

"படத்துக்குத்தான் சிரிச்சேன். உனக்கில்ல."

கறைக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார்.